பொருளியல் ஆய்வும் மனித வாழ்வும்

பொருளியல் என்றவுடன் பணம், வட்டி, வரி, வரவு செலவுத் திட்டம் ஆகியவையே நம்மில் பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. தமிழ்த்துறை வெளியிடும் மலரில் பொருளியலுக்கு என்ன வேலை என்று வினவுவோரும் இருக்கக்கூடும். எழுத்துக்கும் சொல்லுக்கும் மட்டுமன்றி வாழ்வுக்கும் இலக்கணம் வகுத்து, அதற்குப் பொருளதிகாரம் என்று பெயர் சூட்டிய மொழி நம்முடையது. அங்கே பொருள் என்பது காசு அன்று. மாந்தர் வாழும் வாழ்வே பொருள். கடந்த சில பத்தாண்டுகளாக உலகப் பொருளியல் ஆய்வும் ஏறத்தாழ இந்தப் பொருளைத் தேடியே சென்றுகொண்டிருக்கின்றது என்பதை எடுத்துக்காட்டவே இக்கட்டுரையை எழுத முற்பட்டோம்.

அரிசி விளைந்த நாட்டில் மக்கள் பசியால் மடிந்தது ஏன்? ஏழை உழவர் பிழையான முடிவுகளை எடுப்பது அறிவுக் குறைவாலா, வறுமையாலா? ஹஜ் கடமையை நிறைவேற்றித் திரும்புவோரின் உள்ளத்தில் உண்மையிலேயே மாற்றம் நிகழ்கின்றதா? ஓர் ஊரில் இரு சமயத்தாரும் நூற்றாண்டுக் கணக்கில் இணங்கி வாழ, மற்றோர் ஊரில் கலகம் மூள்வது எதனால்? இவையெல்லாம் பட்டிமன்ற மேடைகளிலும் திண்ணைகளிலும் பேசப்பட்டு வந்த வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் நம் ஒவ்வொருவரிடமும் ஆயத்தமான விடை ஒன்று உண்டு. அந்த விடையைச் சோதித்துப் பார்க்கலாமே என்று சொல்பவரே ஆய்வாளர்.

இப்னு கல்தூன் காட்டிய வழி

சோதித்துப் பார்த்தல் என்னும் இம்மரபு நமக்குப் புதியதன்று. 1332ஆம் ஆண்டில் தூனிஸ் நகரில் பிறந்த இப்னு கல்தூன், 1377இல் ‘முகத்திமா’ என்னும் தம் பெருநூலை எழுதி முடித்தார். பதினேழு வயதை எட்டிய காலத்தில் கொள்ளைநோய்க்குத் தம் பெற்றோரைப் பறிகொடுத்தவர் அவர். அரசுகள் எழுவதையும் விழுவதையும் அரசவைகளில் இருந்தே கண்டவர். பிற்காலத்தில் கெய்ரோ நகரில் காழியாகப் பணியாற்றியவர்.

வரலாற்றாசிரியர்கள் தமக்குக் கிடைத்த செய்தியை எடைபோடாமல் எழுதிவிடுகின்றனர் என்பது அவருடைய பெருங்குறை. நபி மூஸா (அலை) அவர்களின் காலத்தில் இஸ்ரவேலரின் படை ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டது என்று மஸ்ஊதி முதலானோர் எழுதியதை அவர் எடுத்துக்கொள்கின்றார். அவ்வளவு பெரிய படைக்கு அந்நிலப்பரப்பு உணவளித்திருக்க முடியுமா? அவ்வளவு பேர் அணிவகுத்தால் அணியின் ஒரு முனை மறுமுனைக்குத் தெரியுமா? அதனினும் பன்மடங்கு பெரிதாய் விளங்கிய பாரசீகப் பேரரசே காதிஸிய்யாப் போருக்கு அதில் சிறு பகுதியளவு படையைத்தானே திரட்டியது? இவ்வாறு நிலம், உணவு, மக்கள்தொகை ஆகியவற்றைக் கொண்டு ஓர் எண்ணை அவர் அளந்து பார்க்கின்றார். அரசின் தொடக்கத்தில் குறைந்த வரிவிகிதம் மிகுந்த வருவாயைத் தருவதையும், அதன் இறுதிக் காலத்தில் மிகுந்த வரிவிகிதம் குறைந்த வருவாயையே தருவதையும் அவர் விளக்கியுள்ளார். உழைப்பவன் உள்ளம் தளர்ந்தால் கருவூலமும் தளரும் என்பதை அவர் கண்டார். மனித நடத்தைக்குக் காரணம் உண்டு, அக்காரணத்தை ஆராயலாம் என்னும் துணிவே இப்னு கல்தூன் நமக்கு விட்டுச் சென்ற சொத்து.

ஆயினும் ஓர் இடர்ப்பாடு அவருக்கும் இருந்தது, இன்றும் இருக்கின்றது. விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர் வீட்டிலிருந்து வருபவரைவிடக் கூடுதல் மதிப்பெண் பெறுகின்றார் என்று வைத்துக்கொள்வோம். விடுதிதான் அதற்குக் காரணம் என்று உடனே சொல்லிவிடலாமா? விடுதிக் கட்டணம் செலுத்த வல்ல குடும்பம் முன்பே நல்ல பள்ளியில் அவரைச் சேர்த்திருக்கலாம். விடுதிக்கு வரத் துணிந்தவர் இயல்பாகவே ஊக்கம் மிக்கவராக இருக்கலாம். மாணவரை இருமுறை வாழச் செய்து, ஒருமுறை விடுதியிலும் மறுமுறை வீட்டிலும் வைத்துப் பார்க்க நம்மால் இயலாது. வேதியியல் ஆசிரியர் இரண்டு சோதனைக் குழாய்களை எடுத்துக்கொள்வதைப் போல மனிதரை எடுத்துக்கொள்ள முடிவதில்லை. எனவே எல்லா வகையிலும் ஒத்த இருசாராரை, ஒரே ஒரு வேறுபாடு மட்டும் பிரிக்கும் நிலையைத் தேடிக் கண்டுபிடிப்பதே இக்கால ஆய்வாளர்களின் முதல் வேலையாக உள்ளது. அத்தகைய நிலை சில நேரங்களில் எதிர்பாராத இடங்களில் கிடைக்கின்றது.

பஞ்சமும் அரிசியும்

1943ஆம் ஆண்டின் வங்காளப் பஞ்சத்தை முதலில் காண்போம். அரசு அமைத்த விசாரணைக் குழு 15 இலட்சம் பேர் மடிந்தனர் என்றது. அமர்த்தியா சென் கணக்கிட்டபோது அத்தொகை 30 இலட்சத்தை எட்டியது. சென் அப்போது சாந்திநிகேதனில் வாழ்ந்த சிறுவர். தாம் கண்ட துயரத்துக்குக் காரணம் யாது என்னும் வினா அவரை விட்டு நீங்கவில்லை.

பஞ்சம் என்றால் உணவுப் பற்றாக்குறை என்பதே அனைவருடைய விடையாக இருந்தது. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதால் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அதே ஆண்டு அக்டோபரில் புயல் வயல்களை அழித்தது. ஆகவே அரிசி இல்லை, ஆகவே மக்கள் மடிந்தனர் என்றனர். 1981இல் வெளியான தம் நூலில் சென் ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட்டுப் பார்த்தார். 1943இல் வங்காளத்தில் இருந்த அரிசியின் அளவு முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிட ஏறக்குறைய 5 விழுக்காடே குறைவு. பஞ்சம் ஏதும் நிகழாத 1941ஆம் ஆண்டைவிடவோ அது 13 விழுக்காடு மிகுதி என்று அவர் கணக்கிட்டார். இந்த எண்களைப் பற்றிப் பிற அறிஞர்கள் வாதிட்டதுண்டு. ஆனால் அவர் எழுப்பிய அடுத்த வினா அவ்வாதத்தையும் கடந்து நிற்பது: மடிந்தவர் யார்?

மடிந்தவர்களில் பெரும்பாலோர் கூலி உழவர், மீனவர், படகோட்டிகள், கைவினைஞர், முடிதிருத்துவோர் ஆகியோர். சொந்த நிலத்தில் நெல் விளைவித்தவரும், விளைச்சலில் பங்காக நெல்லைப் பெற்றவரும் அவர்களைப் போல் வீழவில்லை. போர்க்காலச் செலவினால் விலை ஏறியது; கூலி அதற்கீடாக ஏறவில்லை. எதிரியின் கையில் சிக்கிவிடக்கூடாது என்று அரசு படகுகளைப் பறிமுதல் செய்ததால் மீனவர் தொழிலிழந்தனர். பசி வந்தபோது எவரும் முடிதிருத்திக்கொள்ள வரவில்லை. கல்கத்தா நகரத்தில் அரசு மலிவு விலையில் அரிசி வழங்கியது. அந்நகரத் தெருக்களில் விழுந்து இறந்தவர்களோ கிராமங்களிலிருந்து வந்தவர்கள். அரிசி இருந்தது, அதைப் பெறும் வழி இவர்களுக்கு இல்லாமற் போயிற்று. பசியை உணவின் அளவைக்கொண்டு மட்டும் அளக்காமல், உணவைப் பெறும் உரிமையைக்கொண்டு அளக்க வேண்டும் என்னும் இக்கருத்து, 1998இல் நோபல் பரிசு பெற்ற சென்னின் பணிகளில் தலையாய ஒன்று. ஜகாத்தை நெல்லாகக் கொடுப்பதா, பணமாகக் கொடுப்பதா, எவரிடம் கொடுப்பது என்று ஆண்டுதோறும் கூடிப் பேசும் ஜமாஅத் பெரியோர்களுக்கு இந்த ஆய்வு அயலானதாகத் தோன்றாது.

கரும்புத் தோட்டத்தில் ஓர் ஆய்வு

அடுத்து நாம் காண்பது தமிழகத்திலேயே நிகழ்ந்தது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு உழவர்களைக் கொண்டு ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டர் ஷஃபீர், ஜியாயிங் ஜாவோ ஆகியோர் நடத்திய ஆய்வு 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியாயிற்று.

கரும்பு உழவருக்கு வருவாய் ஆண்டுக்கு ஒருமுறை, வெட்டு முடிந்த பின்பே வரும். வெட்டுக்கு முந்தைய மாதங்களில் கை வறண்டிருக்கும்; வெட்டு முடிந்து பணம் வந்தபின் சற்றே நிமிர்ந்திருப்பர். ஆய்வில் பங்குபெற்றோரில் வெட்டுக்கு முன் ஏதேனும் ஒரு பொருளை அடகு வைத்திருந்தோர் 78 விழுக்காடு. வெட்டுக்குப் பின் 4 விழுக்காடு மட்டுமே. ஒரே மனிதர், அதே வீடு, அதே கல்வி, அதே அறிவு. சில மாத இடைவெளியில் ஏழையாகவும் ஓரளவு வசதியுள்ளவராகவும் இருக்கின்றார். ஏழையை வேறொரு செல்வரோடு ஒப்பிடாமல், அவரை அவரோடே ஒப்பிட இது வழி செய்தது. ஆலைகள் எல்லாக் கரும்பையும் ஒரே நேரத்தில் பிழிய இயலாது. ஆகையால் வெவ்வேறு உழவருக்கு வெவ்வேறு மாதத்தில் வெட்டு வரும். எனவே வெயிலோ மழையோ பண்டிகையோ இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்று சொல்லிவிடவும் இயலவில்லை.

ஆய்வாளர்கள் அவர்களுக்குச் சிறு புதிர்களைக் கொடுத்தனர். வடிவங்களின் வரிசையில் விடுபட்டதைக் கண்டறியும் புதிர் அவற்றுள் ஒன்று. எழுத்தறிவு அதற்கு வேண்டுவதில்லை. வெட்டுக்கு முன் சராசரியாக 4.35 விடைகள் சரியாக அமைந்தன. வெட்டுக்குப் பின் அதே உழவர்கள் 5.45 விடைகளைச் சரியாகத் தந்தனர். உடலில் தளர்ச்சி இல்லை, உணவிலும் பெரிய மாற்றமில்லை. கடன், அடகு, பள்ளிக் கட்டணம், மருந்துச் செலவு என்று ஓயாது கணக்கிட்டுக்கொண்டிருக்கும் மனத்தில் வேறொன்றுக்கு இடம் குறைந்துவிடுகின்றது என்பது அவர்கள் கண்ட விளக்கம். ஓர் இரவு முழுவதும் உறங்காதவர் மறுநாள் இருக்கும் நிலையோடு இதை அவர்கள் ஒப்பிட்டனர்.

அறிவில்லாததால் ஏழையாக இருக்கின்றான் என்பது செல்வர்கள் எளிதாகச் சொல்லிவிடும் சொல். இந்த ஆய்வு அதைத் தலைகீழாகத் திருப்பிவிடுகின்றது. ஆனால் நாமும் நடுநிலை தவறலாகாது. 2016இல் அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் குறைந்த வருவாயுடையோரை ஆராய்ந்த வேறொரு குழுவினர், பணம் பற்றிய முடிவுகளில் வேறுபாடு கண்டனரேயன்றிச் சிந்தனைத் திறனில் வேறுபாடு காணவில்லை. சில நாட்கள் நீடிக்கும் பணமுடையும், மாதக்கணக்கில் நீடிக்கும் அடகு வாழ்வும் ஒன்றல்ல என்பது ஒரு விடை. இறுதி விடை இன்னும் எட்டப்படவில்லை. இருப்பினும் கல்லூரியில் நாம் அன்றாடம் காணும் ஒன்று உண்டு. தேர்வுக் கட்டணம் செலுத்த இறுதிநாள் நெருங்கும் வாரத்தில் வகுப்பில் கவனம் சிதறி அமர்ந்திருக்கும் மாணவரை, மந்தமானவர் என்று மதிப்பிடும் ஆசிரியர் அவருடைய வீட்டில் அடகுக்குப் போயிருக்கும் நகையை அறியார்.

நடத்தை பற்றிய மற்றோர் ஆய்வையும் ஈண்டுச் சுருக்கமாகச் சொல்லிச் செல்வோம். ஹைஃபா நகரக் குழந்தைக் காப்பகங்கள் சிலவற்றில், பிள்ளைகளை அழைத்துச் செல்லப் பெற்றோர் காலந்தாழ்த்தி வந்தால் சிறு தொகை தண்டமாக விதிக்கப்பட்டது. காலந்தாழ்த்துவோர் குறைவர் என்று எதிர்பார்த்தனர். அவர்கள் ஏறக்குறைய இருமடங்காயினர். முன்பு ஆசிரியை காத்திருப்பாரே என்னும் கூச்சம் இருந்தது. தண்டம் வந்தபின் அது விலையாகிவிட்டது. விலை கொடுத்தபின் கூச்சம் எதற்கு? தண்டத்தை நீக்கிய பின்னும் பழைய கூச்சம் திரும்பவில்லை. உரி நீசி, ஆல்டோ ருஸ்டிச்சினி ஆகிய இருவரும் 2000ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டனர். நம் நூலகத் தண்டத் தொகையை உயர்த்த வேண்டும் என்போர் ஒருமுறை இதனைச் சிந்திப்பார்களாக!

ஹஜ் குலுக்கல் தந்த விடை

ஹஜ் செய்து திரும்பியோர் தம் வாழ்வு மாறிவிட்டது என்று சொல்வதை நாம் கேட்டிருக்கின்றோம். ஆனால் ஹஜ் செல்ல விரும்புவோர் முன்பே இறையச்சம் மிக்கவர்கள். செல்லாதவரோடு அவர்களை ஒப்பிடுதல் விடுதி மாணவர் கதையாகவே முடியும். மறுபுறம், உலக முஸ்லிம்கள் ஒன்றுகூடும் இடத்துக்குச் சென்று வருவோர் பிற சமயத்தாரிடம் வெறுப்புக்கொண்டு திரும்புவரோ என்று வெளியார் சிலர் ஐயுற்றதும் உண்டு. இரண்டுமே சோதிக்கப்படாத கூற்றுகள்.

பாகிஸ்தானில் ஹஜ் விண்ணப்பங்கள் இடங்களைவிட மிகுதியாக வந்ததால், நம் நாட்டைப் போலவே குலுக்கல் நடந்தது. 2006ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நிகழ்ந்த ஹஜ்ஜுக்கு விண்ணப்பித்தவர்களில் சீட்டு விழுந்தோரையும் விழாதோரையும் டேவிட் கிளிங்கிங்ஸ்மித், ஆஸிம் இஜாஸ் குவாஜா, மைக்கேல் கிரேமர் ஆகிய மூவரும் சில மாதங்கள் கழித்து நேரில் கண்டு ஆராய்ந்தனர். ஆயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்டோர் இதில் அடங்குவர். இருசாராருமே ஹஜ் செல்ல விழைந்தவர்கள், பணம் கட்டியவர்கள். அவர்களைப் பிரித்தது சீட்டு ஒன்றே. ஆய்வாளர் தேடும் நேர்மையான ஒப்பீட்டுக்கு இதனினும் சிறந்த களம் அமைவது அரிது. 2009இல் முடிவுகள் வெளியாயின.

ஹஜ் சென்று வந்தோரிடத்தில் தொழுகையும் நோன்பும் பெருகின. தாயத்து போன்ற வட்டார வழக்கங்கள் குறைந்தன. நம் ஊர்களில் கைக்கூலி என்று வழங்கும் வரதட்சணையைப் பற்றிய பிடிப்பும் தளர்ந்தது. பெண்கள் கல்வி கற்பதையும் பணிபுரிவதையும் ஏற்கும் மனநிலை வளர்ந்தது. வேறு இனத்தார், வேறு பிரிவினர் ஆகியோரைச் சமமாகக் கருதும் எண்ணம் வலுப்பெற்றது. வெளியார் அஞ்சியதற்கு நேர்மாறாக, பிற சமயத்தாரோடு இணக்கமாக வாழ இயலும் என்னும் நம்பிக்கையும் அமைதியில் நாட்டமும் கூடியிருந்தன. அதே வேளை, பயணத்தின் கடுமையால் உடல்நலம் குன்றியோரும் மனச்சோர்வு உற்றோரும் அவர்களிடையே மிகுந்திருந்தனர் என்பதையும் ஆய்வாளர்கள் மறைக்காது எழுதினர்.

இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதற்கு அவர்கள் தரும் விடையே நம்மை நெடுநேரம் சிந்திக்கச் செய்தது. அங்கே கேட்ட உரைகளாலோ, ஹாஜி என்னும் பட்டத்தால் ஊரில் கிடைத்த மதிப்பாலோ இது விளைந்ததாகத் தெரியவில்லை. இந்தோனேசியரும் ஆப்பிரிக்கரும் துருக்கியரும் அருகருகே நின்று தொழுவதையும், ஆணும் பெண்ணும் ஒரே கஅபாவைச் சுற்றி வருவதையும் கண்ணால் கண்டதே பெரிதும் காரணம் என்பர். சொல்லக் கேட்டதைக் காட்டிலும் பழகிக் கண்டது மனத்தை மாற்றியிருக்கின்றது.

துறைமுகங்களின் மரபு

மக்காவில் கூடிய கூட்டம் நம் வரலாற்றோடும் தொடர்புடையது. இடைக்காலத்தில் ஹஜ் காலத்து மக்கா, உலகின் பல பகுதிகளிலிருந்தும் வணிகர் வந்து கூடிய சந்திப்பிடமாகவும் விளங்கியது. இதனால் இந்தியப் பெருங்கடல் வணிகத்தில் முஸ்லிம்களுக்குத் தனியான ஒரு வாய்ப்பு அமைந்தது. இவ்வாய்ப்பு இந்தியத் துறைமுகங்களில் எத்தகைய சமூகத்தை உருவாக்கியது என்பதை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சௌமித்ர ஜா ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்.

அவர் கண்ட முடிவு வியப்புக்குரியது. இடைக்காலத்தில் வணிகத் துறைமுகங்களாக விளங்கிய தெற்காசிய ஊர்களில் இரு சமயத்தாரும் கலந்து வாழ்ந்தனர். கலந்து வாழும் ஊரில்தான் மோதலுக்கு வாய்ப்பும் மிகுதி என்று நினைப்போம். ஆனால் 1850 முதல் 1950 வரையிலான நூறாண்டுகளில் அவ்வூர்களில் இந்து முஸ்லிம் கலகம் நிகழும் வாய்ப்பு, ஏனைய ஊர்களில் இருந்ததில் ஐந்தில் ஒரு பங்கே. 1950 முதல் 1995 வரை அது பாதியளவாக இருந்தது. இதில் நோக்கத்தக்கது யாதெனில், 1498க்குப் பின் ஐரோப்பியர் வந்து முஸ்லிம்களின் கடல் வணிக மேலாண்மையைக் குலைத்துவிட்டனர். வணிகம் போன பின்னும் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்த இணக்கம் எஞ்சி நின்றிருக்கின்றது.

காரணத்தை அவர் இவ்வாறு விளக்குகின்றார். ஒருவர் செய்யும் தொழிலை மற்றவரும் செய்ய இயலுமானால் அங்கே போட்டி எழும். ஒருவரிடம் நிலமோ பொன்னோ இருந்தால் வலியவர் பறித்துக்கொள்ள எண்ணுவர். கடல் கடந்த வணிகனிடம் இருந்ததோ அயல்நாட்டு உறவுகளும் அவற்றால் வந்த நம்பிக்கையும். அதை அயலவர் கற்றுக்கொள்ளவும் இயலாது, அடித்துப் பறிக்கவும் இயலாது. அவனை விரட்டினால் அவனோடு வணிகமும் போய்விடும். மறுபுறம், உள்நாட்டில் நெய்பவரும் விளைவிப்பவரும் இல்லையேல் வணிகனின் மரக்கலம் வெறுமையாகவே செல்லும். ஒருவருக்கு மற்றவர் இன்றியமையாதவர். ஆதாயம் இருவருக்கும் பகிரப்பட்டது. இத்தகைய நிலையில் பூசலைத் தீர்க்கும் ஏற்பாடுகளும், கூட்டு அமைப்புகளும், பழக்கங்களும் தோன்றி வேர்விட்டன. வணிகம் நின்ற பின்னும் அவை நிலைத்தன.

இங்கே ஐயம் ஒன்று எழலாம். முன்பே இணக்கமாக இருந்த ஊர்களைத்தானே வணிகர் தேர்ந்து குடியேறியிருப்பர்? அதற்கு விடைகாண ஜா கடற்கரையின் அமைப்பையே துணைக்கொண்டார். இயற்கையான கழிமுகம் இருந்த இடத்தில் துறைமுகம் அமைந்தது. மக்களின் குணத்தைப் பார்த்து இயற்கை கழிமுகம் அமைப்பதில்லை. பிற்காலத்தில் அக்கழிமுகங்களில் பல மணல் தூர்ந்து பயனற்றுப் போயின. ஆயினும் அவற்றை அடுத்திருந்த ஊர்களில் இணக்கம் எஞ்சியிருந்தது.

தாமிரபரணியின் வண்டலால் கடலைவிட்டு உள்ளே தள்ளிப்போன பழைய காயலைக் கண்டவருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ வியந்து எழுதிய துறைமுகம் அது. கீழக்கரையில் வாழ்ந்து, கிழவன் சேதுபதியின் அவையில் செல்வாக்குப் பெற்றிருந்த வணிகர் சீதக்காதி, உமறுப் புலவருக்குக் கைகொடுத்ததோடு படிக்காசுத் தம்பிரான் போன்ற சைவப் புலவர்களும் பாடிப் பரவும் வள்ளலாகத் திகழ்ந்தார். சீறாப்புராணத்தின் பணி இடையில் தடைப்பட்டபோது பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் புரவலராக முன்வந்தார். நாகூர் தர்காவின் மிக உயர்ந்த மனாராவை எழுப்பியவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப் சிங். தமிழிலக்கிய வரலாற்றில் நாம் வள்ளன்மை என்றும் பெருந்தன்மை என்றும் படித்து வந்தவற்றுக்கு அடியில் நெசவுத் தறியும் மரக்கலமும் இருந்தன என்று சொன்னால் அந்த வள்ளன்மை சிறுத்துவிடுமா? அவ்வாறு நாம் கருதவில்லை. நல்லெண்ணம் நிலைத்து நிற்பதற்கு மண் எதுவாக இருந்தது என்பதே இங்குப் பேச்சு.

இந்த ஆய்வை அளவுக்கு மீறிப் பேசுவதும் தவறு. துறைமுக ஊர்கள் கலகமே காணாதவை அல்ல. அண்மைக் காலத்தில் அவற்றின் தனிச்சிறப்பு குறைந்து வருவதை, ஐந்தில் ஒன்று பாதியாகிவிட்ட அந்தக் கணக்கே காட்டுகின்றது. ஒருவரையொருவர் நாடி வாழ்ந்த தொழில்கள் மறைந்து, இரு சாராரும் ஒரே கடைத்தெருவில் ஒரே பண்டத்தை விற்கும் நிலை வரும்போது பழைய பழக்கங்கள் எவ்வளவு காலம் தாங்கும் என்பதற்கு எவரிடமும் கணக்கு இல்லை.

மேலும், கலகங்களின் பட்டியல், துறைமுகங்களின் பட்டியல், மக்கள்தொகைக் கணக்கு ஆகியவற்றைக் கொண்டு வெளியிலிருந்து எழுதப்பட்டவையே இத்தகைய ஆய்வுகள். எந்த நெசவாளருக்கு எந்த மரைக்காயர் முன்பணம் தந்தார், கலம் மூழ்கியபோது இழப்பை யார் யார் பகிர்ந்தனர், கோயில் திருவிழாவுக்கும் கந்தூரிக்கும் எவர் எவ்வளவு எழுதினர் என்பவை அப்பட்டியல்களில் இல்லை. அவை கடற்கரை ஊர்களின் பழைய வீடுகளில், பரண்மேல் கட்டிவைத்த கணக்கேடுகளிலும் கடிதங்களிலும் இருக்கக்கூடும். அவற்றில் பல அரபுத்தமிழ் எழுத்தில் அமைந்தவையாக இருக்கலாம். ஸ்டான்ஃபோர்டில் அமர்ந்து அவற்றைப் படிக்க இயலாது. அரபெழுத்தும் தமிழ்ச் சொல்லும் ஒருங்கே அறிந்தவர் தேவை. அத்தகையோர் நம் மூத்தோரில் சிலர் இன்னும் உள்ளனர். ஆண்டுதோறும் குறைந்தும் வருகின்றனர். வீடுகளை இடித்துக் கட்டும்போது அவ்வேடுகள் பழைய காகிதக்காரரிடம் எடைக்குப் போகின்றன. நம் துறை மாணவர்கள் அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும்போது பாட்டனாரிடம் பரணின் சாவியைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.